பாட்டுப்பெட்டியும் கைத்தொலைபேசியும்

ஒரு கருவி பல தொழில்களையும் ஒருங்கே செய்யத் தொடங்கியவிடத்து, அவற்றுள் ஒன்றை மட்டும் செய்துவந்த பழைய கருவிக்கு உலகில் இடமுண்டோ என்னும் வினா எழுதல் இயல்பே. கைத்தொலைபேசி வந்தபின் மணிக்கூட்டையும், நாட்காட்டியையும், கைவிளக்கையும், படம்பிடிக்கும் கருவியையும் தனித்தனியே சுமந்து திரிவோர் அரியராயினர். அவ்வரிசையிற் சேர்ந்த மற்றொன்று, சட்டைப்பையில் அடங்குவதாய்ப் பாட்டுக் கேட்டலாகிய ஒரே தொழிலுக்கென அமைந்த சிறு கருவி. கடைக்காரர் அதனை எம்.பி.3 பிளேயர் என்பர். யாம் இக்கட்டுரையிற் பாட்டுப்பெட்டி என்றே வழங்குவோம். கைத்தொலைபேசியே பாடும் இந்நாளில் அது வீண்செலவோ, அன்றி அதற்கும் ஒரு பயன் உண்டோ என்பதை ஒருவாறு ஆராய்வாம்.

இவ்வாராய்ச்சி யூபிலி மலருக்கு ஏற்றதோ என ஐயுறுவார் உளராயின், அவருக்கு ஒன்று கூறுவோம். யூபிலியை ஒட்டிப் பழைய மாணவர்கள், சிறப்பாகக் கடல்கடந்து வாழ்வோர், கல்லூரிக்கு யாது கொடுக்கலாம் என வினவுகின்றனர். ஊருக்கு வருங்கால் மருமக்களுக்கும் பெறாமக்களுக்கும் விலையுயர்ந்த கைத்தொலைபேசி கொண்டுவந்து கொடுத்தலும் வழக்கமாயிற்று. கொடுப்பது நன்றே, எதைக் கொடுத்தால் பிள்ளையின் கல்விக்கும் கலைக்கும் உதவும் என அறிந்து கொடுத்தல் அதனினும் நன்று. ஆதலின் சிறு கருவியைப் பற்றியதாயினும் இவ்வினா சிறிய வினா அன்று.

முதற்கண் அதன் வரலாற்றைச் சிறிது நோக்குவாம். பிலிப்ஸ் நிறுவனத்தார் 1963ஆம் ஆண்டிற் கசெற் நாடாவை வெளியிட்டனர். 1979ஆம் ஆண்டு யூலை மாதம் முதலாந் திகதி யப்பானிற் சோனி நிறுவனத்தார் வோக்மன் என்னும் பெட்டியை விற்பனைக்கு விட்டனர். அதில் ஒலிப்பதிவு செய்யும் வசதி இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. இவ்விரண்டும் இல்லாத பெட்டியை யார் வாங்குவர் எனப் பலர் ஐயுற்றனர். உலகமோ அதனை விரும்பி ஏற்றது. 1998இல் நாடாவும் தட்டும் இன்றிப் பாட்டை எண்களாகச் சேமித்து ஒலிக்கும் முதற் பெட்டிகள் தென்கொரியாவிலிருந்து வந்தன. 2001ஆம் ஆண்டு ஒற்றோபர் 23ஆந் திகதி அப்பிள் நிறுவனத்தார் ஆயிரம் பாட்டுகளைச் சட்டைப்பையுள் வைக்கலாம் எனக் கூறி ஐபொட்டை அறிமுகஞ் செய்தனர். அந்நிறுவனத்தாரே 2007இற் கொண்டுவந்த ஐபோன், தன் மூத்த உடன்பிறப்பின் தொழிலை மெல்லமெல்லத் தனதாக்கிக்கொண்டது. 2022ஆம் ஆண்டு மே மாதம் 10ஆந் திகதி ஐபொட் உற்பத்தி நிறுத்தப்படுவதாக அறிவித்தனர். இருபது ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்டதே அதன் ஆயுள்.

இதனாற் பாட்டுப்பெட்டி மாண்டது எனக் கொள்ளற்க. சோனி நிறுவனத்தார் 2023ஆம் ஆண்டிலும் புதிய வோக்மன் ஒன்றை வெளியிட்டனர். சீனத்து நிறுவனங்கள் பல மலிந்த பெட்டிகளையும் விலையுயர்ந்த பெட்டிகளையும் செய்துவருகின்றன. தென்கொரியாவில் ஆயிரக்கணக்கான டொலர் விலைபெறும் பெட்டிகளும் செய்யப்படுகின்றன. ஆகவே, உழைப்பாளி ஒருவர் ஒருநாட் கூலியிலிருந்து மிச்சம்பிடித்து வாங்கத்தக்கனவும், செல்வர் ஒருவர் மோட்டார்ச் சைக்கிள் ஒன்றின் விலை கொடுத்து வாங்கத்தக்கனவும் ஒரே பெயரால் வழங்குகின்றன. ஒருசாரார் அதனைக் கைவிடப்பட்ட பழம்பொருள் என்பர். மற்றொருசாரார் தெய்வீக ஒலி தரும் பேழை என்பர். இவ்விரு கூற்றுகளும் மிகையே என்பது எமது துணிபு.

இனி, இக்கருவியை மதிப்பிட நாம் யப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் போகவேண்டுவதில்லை. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதியில் அமைந்த முரசுமோட்டையில், பெயரிலேயே முரசைத் தாங்கிய இவ்வூரில், அதற்கு வேண்டிய பட்டறிவு போதியளவு உண்டு. 1990ஆம் ஆண்டு தொடக்கம் 2002 வரை நீடித்த பொருளாதாரத் தடைக்காலத்தில் வன்னியின் பெரும்பாலான வீடுகளுக்கு மின்சாரம் எட்டவில்லை. பற்றரியோ தடைசெய்யப்பட்ட பொருள்களுள் ஒன்றாயிருந்தது. அக்காலத்திற் சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, ஒருவர் மிதிகட்டையைக் கையாற் சுழற்ற, டைனமோவிற் பிறந்த மின்னால் வானொலியும் கசெற் பெட்டியும் இயங்கின. சுழற்றுபவர் ஒருவர், சூழ்ந்திருந்து கேட்பவர் பலர். கை தளர்ந்தாற் பாட்டும் தளரும். இன்னொருவர் எழுந்து சுழற்றினாற் பாட்டு மீண்டும் நிமிரும். அவ்வாறு உழைத்துக் கேட்ட பாட்டை நடுவில் விட்டெழுந்து சென்றவர் மிகச் சிலரே.

வறுமையையும் தடையையும் புகழ்வது எமது நோக்கம் அன்று. துன்பம் ஒருபோதும் நல்லாசிரியன் எனக் கொள்ளத்தக்கதன்று. அதன் கையிற் படித்தோரினும் அழிந்தோரே மிகுதி. எனினும் அந்நாட்கள் நமக்கு உணர்த்திய உண்மை ஒன்றுண்டு. பாட்டின் பயன், அதனை ஒலிக்கும் கருவியின் விலையைப் பொறுத்ததன்று. கேட்பவன் அதற்குக் கொடுக்கும் மனத்தைப் பொறுத்தது. இவ்வுண்மையை அளவுகோலாகக் கைக்கொண்டே இரு கருவிகளையும் அளந்து பார்ப்பாம்.

முதலில் ஒலியின் தரத்தை எடுத்துக்கொள்வோம். பாட்டுப்பெட்டியை விற்பார் முதன்மையாகக் கூறுவது இதுவே. எண்களாகச் சேமித்த பாட்டை மின்னலையாக மாற்றும் சில்லொன்று எல்லாக் கருவிகளிலும் உண்டு. விலையுயர்ந்த பாட்டுப்பெட்டியில் அச்சில்லும், அம்மின்னலையைப் பெருக்கும் பகுதியும் சிறந்தனவாக அமைந்திருத்தல் உண்மையே. பெரிய ஹெட்செற்றுகளை இயக்குவதற்கு வேண்டிய வலுவும் அப்பெட்டியில் மிகுதி. ஆயின் அவ்வேறுபாடு காதுக்குப் புலனாகும் அளவினதோ என்பதே வினா.

மனிதச் செவி செக்கனுக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வு வரையுமே கேட்கவல்லது. முதுமையில் அவ்வெல்லை மேலும் குறையும். 1982இல் விற்பனைக்கு வந்த இறுவட்டு, செக்கனுக்கு 44,100 முறை ஒலியை அளந்து, ஒவ்வோர் அளவையும் 16 இலக்க நுட்பத்துடன் பதிவுசெய்கின்றது. இது 22,050 அதிர்வு வரையுள்ள ஒலியைத் திரும்பத் தரப் போதுமானது. அதாவது செவியின் எல்லையைக் கடந்தது. அதனினும் உயர்ந்த பதிவு என விளம்பரஞ் செய்யப்படுவனவற்றை 2007ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் மேயர், மொரான் என்னும் இருவர் சோதித்தனர். உயர்தரப் பதிவை நேரே ஒலித்தும், இறுவட்டின் தரத்துக்கு இறக்கி ஒலித்தும், எது எதுவெனக் கூறாமற் பலரைக் கேட்கச் செய்தனர். இயல்பான ஒலியளவிற் கேட்டோர் கூறிய விடைகள், நாணயத்தைச் சுண்டிப் பார்த்துக் கூறிய விடைகளினும் மேம்பட்டனவல்ல. ஆகவே பெருந்தொகை கொடுத்து வாங்கும் நுட்பத்திற் பெரும்பகுதி செவிக்கு எட்டுவதில்லை என்க.

கம்பியற்ற ஹெட்செற்றைப் பயன்படுத்துவோர் இங்கே மற்றொன்றையும் அறிதல் வேண்டும். புளூரூத் வழியே பாட்டுச் செல்லும்போது, அது சுருக்கப்பட்ட எண்களாகவே செல்கின்றது. அவ்வெண்களை மின்னலையாக மாற்றும் தொழிலைச் செய்வது ஹெட்செற்றினுள் இருக்கும் சில்லேயன்றிப் பெட்டியில் இருக்கும் சில்லன்று. எனவே ஆயிரம் டொலர் கொடுத்துப் பெட்டி வாங்கிக் கம்பியற்ற ஹெட்செற்றாற் கேட்பவர், தாம் விலைகொடுத்த சிறப்பை உறங்கவைத்துவிட்டே கேட்கின்றார். கம்பியுள்ள ஹெட்செற்றை விரும்புவோர்க்கோ வேறொரு குறை உண்டு. 2016ஆம் ஆண்டில் ஐபோனிலிருந்து அதற்குரிய துளை நீக்கப்பட்டது. பின்னர் ஏனைய நிறுவனத்தாரும் அவ்வழியைப் பின்பற்றினர். அக்குறையைத் தீர்க்கச் சிறு இணைப்பி ஒன்று சில டொலருக்குக் கிடைக்கும். அதனுள்ளும் நல்ல சில்லு உண்டு. ஆகையால் ஒலித்தரம் ஒன்றையே கருதித் தனிப் பாட்டுப்பெட்டி வாங்குதல் பெரும்பாலார்க்கு வேண்டுவதில்லை. நல்ல ஹெட்செற் ஒன்றுக்கு அப்பணத்தைச் செலவிடின் காது உணரத்தக்க பயன் கிட்டும்.

நிற்க. ஒலித்தரம் என்னும் வழக்கிற் பாட்டுப்பெட்டி தோற்றது எனினும், அதன் வழக்கு அத்துடன் முடிந்துவிடவில்லை. அதன் பக்கத்துக்குரிய நியாயங்கள் வேறு மூன்று உள.

முதலாவது, இடையூறின்மை. கைத்தொலைபேசி பிறர் நம்மை அழைப்பதற்காக அமைந்த கருவி. பாடுவது அதன் துணைத்தொழில். ஆலாபனை மேலேறும் வேளையிற் குறுஞ்செய்தி மணி அடிக்கும்; தனி ஆவர்த்தனத்தின் நடுவே கடன் தருவோரின் விளம்பரம் வரும். பாட்டைக் கேட்க எடுத்த கை பாட்டை மறந்து, படங்களையும் வம்புகளையும் தள்ளிக்கொண்டே போய் ஒரு மணித்தியாலத்தை இழக்கும். கேட்பவன் மனவலியற்றவன் என அவன்மேற் பழிசுமத்துதல் முழு நியாயமாகாது. கவனத்தைக் கவர்ந்து விற்பதையே வாணிகமாகக் கொண்டோர் அமைத்த செயலிகள் அக்கருவியில் நிறைந்துள்ளன. பாட்டுப்பெட்டிக்கோ வேறு அலுவல் இல்லை. அதனை அழைப்பாரும் இல்லை. கதவைச் சாத்திவிட்டுப் பாடம் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியரைப் போன்றது அது.

இரண்டாவது, உடைமை. இணையத்தின் வழியே பாட்டு வழங்கும் சேவைகள் வசதியானவை என்பதில் ஐயமில்லை. 2021இல் ஸ்பொட்டிபை இலங்கைக்கும் வந்தது. ஆயின் அங்கே கேட்கும் பாட்டு நமது உடைமை அன்று. வாடகைக்கு இருக்கும் வீடு போன்றது. சந்தா நின்றால் அல்லது சேவை மூடப்பட்டால், நாம் ஆண்டாண்டாய்த் தேர்ந்து அடுக்கிய வரிசை மறைந்துவிடும். இது வீணச்சம் அன்று. இந்தியாவில் 2024ஆம் ஆண்டில் மட்டும் ரெசோ, விங்க் மியூசிக் என்னும் இரு சேவைகள் மூடப்பட்டன. பாட்டுப்பெட்டியில் இடும் நினைவு அட்டையோ நம் கையில் உள்ளது. 32 ஜீ.பி. கொண்ட சிறிய அட்டை ஒன்றில், ஐந்து நிமிடப் பாட்டுகள் உயர்ந்த எம்.பி.3 தரத்தில் 2,600க்கு மேல் அடங்கும். இறுவட்டின் தரம் சிறிதும் குன்றாத பிளாக் முறையில் ஏறத்தாழ 1,000 அடங்கும். ஒருவன் தன் வாழ்நாளில் ஆழ்ந்து கேட்கக்கூடிய பாட்டுகள் அவ்வளவினவாமோ?

மூன்றாவது, தன்னிறைவு. பாட்டுப்பெட்டிக்கு இணையம் வேண்டா. அலை நலிந்த வயல்வெளியிலும் அது பாடும். 2022ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு நிலவிய நாட்களை நாம் மறந்திருக்கமாட்டோம். அத்தகைய வேளையிற் கைத்தொலைபேசியில் எஞ்சிய மின்னைப் பாட்டுக்குச் செலவிடத் துணிவார் யார்? வைத்தியரை அழைக்கவும், பிள்ளை எங்கே என வினவவும் அதனைக் காத்துவைத்தல் வேண்டுமன்றோ? டைனமோ சுழற்றிய மக்களுக்கு இந்நியாயத்தை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மாணவர்க்கு உரிய நன்மை ஒன்றையும் இங்கே சேர்த்துக் கூறல் தகும். கர்நாடக சங்கீதத்தைப் பாடமாகக் கற்கும் பிள்ளை, வர்ணத்தின் ஒரு சுரக்கோவையைப் பிடித்துக்கொள்ள அதனையே இருபது முறை கேட்க வேண்டியிருக்கும். ஒரு பாட்டில் இரண்டிடங்களைக் குறித்துவிட்டால், அவற்றினிடைப்பட்ட பகுதியை மட்டும் திரும்பத்திரும்ப ஒலிக்கும் வசதி சில மலிவான பாட்டுப்பெட்டிகளிலும் உண்டு. கைத்தொலைபேசியிலும் இதற்குச் செயலிகள் உள. ஆனால் அச்செயலியின் பக்கத்தில் விளையாட்டும் காத்திருக்கும். வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைக்கு ஆயத்தஞ் செய்யும் பிள்ளையின் தாயார் எதனை விரும்புவார் என்பதை வாசகரே துணிக.

இனிப் பாட்டுப்பெட்டியின் குறைகளை மறைத்தல் முறையன்று. பாட்டுகளை அதனுள் ஏற்றுவதற்குக் கணினி வேண்டும். கணினி இல்லாத வீட்டிற் பிறரை நாடவேண்டும். இரண்டு கருவிகளைச் சுமப்பதும் மின்னூட்டுவதும் சிலருக்குச் சலிப்பைத் தரும். மலிவான பெட்டிகளிற் பல, தமிழெழுத்துப் பெயர்களைக் கட்டங்களாகவே காட்டும். அதனுள் இருக்கும் பற்றரி, பயன்படுத்தாவிடினும் ஆண்டு செல்லச்செல்ல நலியும். ஆதலிற் கடையில் நெடுங்காலம் கிடந்த பெட்டியை மலிவென்று வாங்குதல் நன்றன்று. விலையுயர்ந்த பெட்டிகளிற் பல, கைத்தொலைபேசியை இயக்கும் அன்ட்ரொயிட்டினாலேயே இயங்குகின்றன. இணையம், செயலி, விளம்பரம் அனைத்தும் அவற்றுள் நுழைகின்றன. அவை அழைக்க இயலாத கைத்தொலைபேசிகளேயன்றிப் பாட்டுப்பெட்டிகளல்ல. தம் சிறப்பு எதனில் உள்ளதோ அதனையே அவை விற்றுத் தின்றன.

காதில் ஒலிக்கும் எக்கருவிக்கும் பொதுவான தீங்கு ஒன்றும் உண்டு. உலக சுகாதார நிறுவனமும் அனைத்துலகத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் 2019ஆம் ஆண்டு இக்கருவிகளுக்கு வகுத்த நெறி, வளர்ந்தோர் வாரத்தில் 40 மணித்தியாலம் கேட்பதாயின் ஒலி 80 டெசிபலுக்கு மேற்படலாகாது என்கின்றது. ஒலி கூடக்கூடக் கேட்கும் நேரத்தைக் குறைத்தல் வேண்டும். உழவு இயந்திரத்தின் இரைச்சலை வெல்லப் பாட்டைக் கூட்டிக் கேட்பவர் இரண்டு இரைச்சல்களையும் ஒருங்கே காதில் ஏற்றுகின்றார். காது கேளாமற் போனபின் எந்தச் சில்லும் அதனைத் திருப்பித் தராது. 2013இற் கிளிநொச்சிக்கு மீண்டும் ரயில் வந்தது. காதை அடைத்துக்கொண்டு பாதையைக் கடப்போர்க்கு அது காத்து நிற்பதில்லை என்பதையும் இளைஞர் நினைவிற்கொள்ளுதல் கடனாகும்.

இவ்விரு பக்கத்து நியாயங்களையும் சீர்தூக்கின், யாம் காணும் முடிபு இதுவாகும். பாட்டுப்பெட்டியின் மேன்மை ஒலியில் அன்று, ஒருமையில் உள்ளது. ஒரு தொழிலைச் செய்வதும், பிறதொழிலுக்கு இடங்கொடாமையுமே அதன் சிறப்பு. பயணத்திலும் வேலையிடையிலும் பொழுதுபோக்காகப் பாட்டுக் கேட்போர்க்குக் கைத்தொலைபேசியே போதும்; அவர் தனிப்பெட்டி வாங்குதல் வீண்செலவு. இசையைக் கற்போர்க்கும், அதனை ஆழ்ந்து கேட்கும் விருப்புடையோர்க்கும், இன்னும் கைத்தொலைபேசி பெறும் வயது வாராத பிள்ளைக்கும் பாட்டுப்பெட்டி தகும். அதுவும் விலைகூடியது வேண்டா. அட்டை இடும் வாய், கம்பி ஹெட்செற்றுக்கு உரிய துளை, கண்ணாற் பாராமலே விரலால் அறியத்தக்க பொத்தான், குறித்த பகுதியைத் திரும்ப ஒலிக்கும் வசதி ஆகிய நான்கும் அமைந்தாற் போதும். இதனையும் வாங்க இயலாதார், வீட்டில் ஒதுக்கிவைத்த பழைய கைத்தொலைபேசியிற் சிம் அட்டையை நீக்கி, செயலிகளை அகற்றி, பாட்டுகளை மட்டும் நிரப்பிக்கொள்ளலாம். பல்தொழிற் கருவி ஒருதொழிற் கருவியாகும், செலவும் இல்லை. பெட்டியை வாங்குதல் எளிது, ஒருமையைக் கைக்கொள்ளுதலே அரிது என்பதை இவ்வழி நன்கு உணர்த்தும்.

ஆயின் பெட்டி எதுவாயினும் அதனுள் எதனை இடுவோம் என்பதே ஈற்றில் எஞ்சும் வினா. சென்னையிலும் மும்பாயிலும் பதிவான பாட்டுகளுக்குக் காவலர் பலர் உளர். நாம் காவாவிடினும் அவை அழியா. வன்னியின் ஒலிகளுக்குக் காவலர் யார்? 2008ஆம் ஆண்டின் பிற்பகுதியிலும் 2009ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் இதே பரந்தன் முல்லைத்தீவு வீதியால் மக்கள் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்தபோது, உயிரையும் பிள்ளைகளையும் சுமக்கவே கைகள் போதவில்லை. கலியாண வீட்டு நாதசுரமும், கோயிற் பொங்கலிற் பதிந்த உடுக்கொலியும், அப்பாச்சி பாடிய தாலாட்டும் அடங்கிய கசெற்றுகள் வீடுகளுடன் அழிந்தன. தப்பியவற்றையும் ஈரமும் பூஞ்சணமும் தின்றுகொண்டிருக்கின்றன.

ஒலிப்பதிவின் அருமைக்கு ஒரு சான்று காட்டுவோம். தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி 1975ஆம் ஆண்டிற் காலமானார். அதன்பின் பிறந்தோர் அவர் கையின் வேகத்தையும் கணக்கையும் அறிவது, கோயில் வீதிகளிலும் கச்சேரிகளிலும் அன்பர்கள் பதிந்துவைத்த நாடாக்களால் அன்றோ? அப்பதிவுகள் இல்லையாயின் அவர் பெயர் வெறுஞ் செவிவழிச் செய்தியாக மாத்திரம் எஞ்சியிருக்கும். வன்னியிலும் முல்லைத்தீவுக் கோவலன் கூத்து, காத்தவராயன் கூத்து, குருவிப் பள்ளு, வேலப்பணிக்கன் ஒப்பாரி என ஒலியாக வாழ்ந்தவை பல. அவற்றுட் சில நூலில் ஏறின. நூலில் ஏறியது சொல்லேயாகும். அதன் மெட்டு, பாடும் முதியோரின் தொண்டையில் மட்டுமே இருக்கின்றது. அம்முதியோர் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர்.

ஆதலின் பழைய மாணவ அன்பர் முன் யாம் வைக்கும் வேண்டுகோள் இது. யூபிலிக் கொடையாக மாணவர்க்குக் கைத்தொலைபேசி வாங்கும் எண்ணம் இருப்பின், அதிலொரு சிறு பகுதியை எடுத்துக் கல்லூரி இசையறைக்குப் பத்துப் பன்னிரண்டு எளிய பாட்டுப்பெட்டிகளும் கம்பி ஹெட்செற்றுகளும் வாங்குக. நூல்நிலையத்திற் புத்தகம் இரவல் பெறுவது போலப் பிள்ளைகள் கையொப்பமிட்டு அவற்றைப் பெறுக. அவற்றுள் இருக்கவேண்டியன, பாடத்திட்டத்துக்கு உரிய உருப்படிகளும், தேவாரப் பண்களும், இவ்வூர்களின் முதியோர் பாடிய பாட்டுகளும் ஆகும். பிறர் உழைப்பாலான இசைத்தட்டுகளைக் களவாகப் படியெடுத்து இடுதல் கல்லூரிக்குத் தகாது. கலைஞரின் ஒப்புதலுடன் பெறுக, அல்லது விலைகொடுத்து வாங்குக.

முதியோர் பாட்டுகளைப் பதியும் பணியை மாணவர்களே செய்யலாம். அதற்கு அவர்கள் வீட்டுக் கைத்தொலைபேசியே போதும். அதனைத் திட்டியவண்ணம் இருந்த யாம் இவ்விடத்தில் அதனை மனமாரப் புகழ்கின்றோம். பாடியவர் யார், எவ்வூர், எந்நாள், எச்சந்தர்ப்பத்திற் பாடுவது என்னும் நான்கையும் பதிவின் தொடக்கத்திலேயே வாயாற் சொல்லிப் பதிக. வீடுகளில் எஞ்சிய பழைய கசெற்றுகளையும் திரட்டி எண்முறைக்கு மாற்றுக. ஒலி ஆவணங்களைக் காக்கும் உலக நிறுவனங்களின் சங்கம், பழைய நாடாக்களை மாற்றுங்கால் செக்கனுக்கு 48,000 அளவும் 24 இலக்க நுட்பமும் குறையாது பதிக என வகுத்துள்ளது. கேட்பதற்கு மிகை என யாம் மேலே ஒதுக்கிய நுட்பம் காப்பதற்கு மிகை ஆகாது. நலிந்த நாடாவிலிருந்து இரைச்சலை நீக்கித் திருத்துவோர்க்கு அது கைகொடுக்கும். பதிவின் படிகள் மூன்று வேறிடங்களில் இருத்தல் வேண்டும்: ஒன்று கல்லூரியில், ஒன்று கடல்கடந்த கிளைச் சங்கத்தில், ஒன்று 2005ஆம் ஆண்டு முதல் ஈழத்தமிழர் ஆவணங்களை எண்முறையிற் பேணிவரும் நூலக நிறுவனம் போன்ற பொதுக் காப்பகத்தில். ஒரே கூரையின் கீழ் அனைத்தையும் வைப்பதன் தீங்கை வன்னி மக்களுக்கு வேறொருவர் கற்பிக்க வேண்டுவதில்லை.

இதற்குப் பெருந்தொகை வேண்டாம். வேண்டுவது விரைவு ஒன்றே. பெட்டியை அடுத்த ஆண்டும் வாங்கலாம். எண்பது வயது கடந்த பாட்டியின் குரலை அடுத்த ஆண்டு வாங்க இயலாது. ஆதலின் பணிகளுள் எது முந்தியது எனக் கேட்பார்க்கு, பதிவே முந்தியது, பெட்டி பிந்தியது என விடையிறுப்போம்.

பாட்டுப்பெட்டி வேண்டுமோ என்னும் வினாவுக்கு யாம் கண்ட விடையைச் சுருங்கக் கூறின்: ஆடம்பரத்துக்கு வேண்டா, ஒலியின் பெருமைக்கும் வேண்டா, ஒருமனப்பட்டுக் கேட்பதற்கும் கற்பதற்கும் வேண்டும். எளிய பெட்டி ஒன்றில் நம் முதியோரின் குரலை இட்டு ஒரு பிள்ளையின் கையிற் கொடுப்போமாயின், அப்பெட்டி தன் விலைக்குப் பன்மடங்கு உழைத்ததாகும். பழைய மாணவர் இதனைச் சிந்தித்துச் செயற்படுவாராக. கல்லூரித் தாய் நீடு வாழ்க.